கேம் கதாபாத்திரச் சிலைக்கு ரிவியூ எழுதுவது எப்படி? சேமஸ் அரானை வைத்து ஒரு செய்முறை

பெட்டியைப் பிரிப்பது, "வேற லெவல்" என்று சொல்வது, சிலையை ஒரு சுற்று சுற்றிக் காட்டுவது. வீடியோ கேம் சிலைகளுக்கு வரும் ரிவியூக்கள் பெரும்பாலும் இவ்வளவுதான். ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கு இதில் ஒரு தகவலும் கிடைக்காது. அவருக்கு உதவும்படி முதல் ரிவியூவை எழுதுவது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு நின்டெண்டோவின் 'மெட்ராய்டு' கேம் வரிசையின் நாயகி சேமஸ் அரான், வேரியா சூட் என்ற கவச உடை அணிந்த சிலை. சிவப்புத் தலைக்கவசம், ஆரஞ்சும் மஞ்சளுமான உடல், பச்சை வைசர் (தலைக்கவசத்தின் முகக்கண்ணாடி), வலது கையில் பீரங்கி. பளபளப்பு, கண்ணாடித்தன்மை, வெளிச்சம் மூன்றையும் ஒரே சிலையில் கொண்டுவர வேண்டியிருப்பதால், செய்தவரின் கைத்திறன் இதில் சீக்கிரம் தெரிந்துவிடும். 'ஹேலோ'வின் மாஸ்டர் சீஃப், 'டெட் ஸ்பேஸ்' ஐசக் கிளார்க் என்று எந்தக் கவசக்காரருக்கும் இதே முறை பொருந்தும்.

படி 1: பெட்டி வருவதற்கு முன்பே கேமைப் பாருங்கள்

எல்லாரும் தாண்டிப் போகும் படி இது. நிறுவனம் வெளியிட்ட மாதிரிப் படங்களை ஒரு பக்கமும் கையில் இருக்கும் சிலையை மறுபக்கமும் வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கம். அது தேவைதான், ஆனால் அது இரண்டாவது வேலை. சிலை அந்தக் கதாபாத்திரமாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கான பதில் கேமில்தான் இருக்கிறது, விளம்பரப் படத்தில் இல்லை.

சேமஸின் தோள்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மெட்ராய்டு 1986-இல் வந்தது. அதில் வேரியா சூட் கிடைத்தால் சேமஸின் நிறம் மாறும். 1991-இல் இரண்டாம் பாகம் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்கு வந்தது. அந்தத் திரையில் நிறமே கிடையாது. சாதாரண சூட் எது, வேரியா சூட் எது என்று நிறத்தை வைத்துக் காட்ட வழியில்லாததால் உருவத்தையே மாற்றினார்கள். இன்று சேமஸ் என்றதும் நினைவுக்கு வரும் அந்தப் பெரிய உருண்டைத் தோள்கள் அப்படி வந்தவைதான். 1994-இல் வந்த 'சூப்பர் மெட்ராய்டு' அதை நிலைநிறுத்திவிட்டது.

இது தெரிந்த ரிவியூக்காரர், "யதார்த்தமாக இருக்கட்டும்" என்று சிற்பி தோள்களைச் சுருக்கியிருந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார். எளிய சோதனை ஒன்று உண்டு. சிலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து, வெறும் நிழலுருவமாக ஒரு படம் எடுங்கள். நிறமே இல்லாத அந்தப் படத்திலும் இது சேமஸ்தான் என்று தெரிய வேண்டும்.

எந்தப் பாகத்தின் சேமஸ் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2002-இல் ரெட்ரோ ஸ்டுடியோஸ் நின்டெண்டோவின் கேம்க்யூப் கருவிக்குச் செய்த 'மெட்ராய்டு பிரைம்' சூட்டும், 2021-இன் 'மெட்ராய்டு டிரெட்' சூட்டும் வேறு வேறு. ஒன்றை வைத்து மற்றதைக் குறை சொல்வது அநியாயம்.

படி 2: பிரிக்கும்போதே பதிவு செய்யுங்கள்

கட்டர் படுவதற்கு முன்பே வெளிப்பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். உள்ளே உடைந்திருந்தால் கடைக்காரரிடம் பேச அந்தப் படங்கள்தான் கையில் இருக்கும். தெர்மாகோலைக் கிடையாக வைத்து மேல் மூடியைத் தூக்குங்கள். நிமிர்த்தி வைத்துப் பிரித்தால் பாகங்கள் கீழே விழும். எடையையும் குறியுங்கள். வீட்டு எடை மெஷினில் பெட்டியோடு ஒருமுறை, பெட்டி இல்லாமல் ஒருமுறை ஏறினால் கணக்கு வந்துவிடும்.

படி 3: பொருள், அளவு, பொருத்தம்

பாலிஸ்டோன் என்பது கல்தூள் கலந்த ரெசின். கனமானது, தொட்டால் சில்லென்று இருக்கும், நுணுக்கம் நன்றாகப் பிடிக்கும், கீழே விழுந்தால் உடையும். பிவிசி ஒரு வகை பிளாஸ்டிக். இலேசானது, கொஞ்சம் வளையும், சூட்டில் தளரும். எது உயர்ந்தது என்ற சண்டை வேண்டாம். என்ன பொருள் என்று சொல்லி, அந்தப் பொருளுக்கு இந்த விலை சரியா என்று எழுதினால் போதும். இன்னொன்று, ஃபிக்மா போலக் கைகால் மடக்கும் பொம்மையையும் அசையாத சிலையையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

அளவை நீங்களே ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். '1/4 அளவு' என்ற எண் பலரைக் குழப்பும். மாஸ்டர் சீஃப் கவசத்தோடு சுமார் 7 அடி, அதாவது 213 செ.மீ. அதில் நாலில் ஒரு பங்கு 53 செ.மீ. பீடத்தின் உயரம் இதற்கு மேல். சில நிறுவனங்கள் பீடத்தையும் தூக்கிய கையையும் சேர்த்தே உயரம் சொல்கின்றன. எனவே பாதத்திலிருந்து தலை வரை தனியாக, மொத்த உயரம் தனியாக என்று கொடுங்கள். அலமாரித் தட்டு வாங்கப்போகிறவர் உங்களை வாழ்த்துவார்.

பாகங்களைப் பொருத்தும்போது இடைவெளிகளைக் கவனியுங்கள். சேமஸ் சிலையில் பீரங்கிக் கை தனியாக வந்தால், முழங்கைக்குக் கீழே இணைப்புக் கோடு எங்கே விழுகிறது? கவசத்தின் மடிப்புக்குள் ஒளிந்திருந்தால் வடிவமைத்தவர் யோசித்திருக்கிறார். வழவழப்பான பகுதியின் நடுவே ஓடினால் யோசிக்கவில்லை. காந்தமா, செருகும் முளையா, கை தானாகத் தொங்குகிறதா என்பதையும் எழுதுங்கள். சேரவில்லை என்றால் அழுத்தாதீர்கள். ரெசின் முளை முறிந்தால் ரிவியூ அங்கேயே முடிந்தது.

படி 4: மூன்று தூரங்களில் பாருங்கள்

முதலில் அறையின் மறுபக்கம் போய் நின்று பாருங்கள். நிற்கும் தோரணை, எடை எந்தக் காலில் விழுகிறது, எந்தக் கோணத்தில் முகம் தெரிகிறது, இதெல்லாம் அங்கிருந்துதான் புரியும். அடுத்து ஒரு கை தூரம். வாங்குகிறவர் தினமும் பார்க்கப்போவது இந்த இடைவெளியில்தான். கடைசியாகப் பக்கத்தில்.

பக்கத்தில் பார்க்கும்போது மொபைல் டார்ச்சைச் சிலையின் மேற்பரப்போடு ஒட்டினாற்போல், சாய்வாகப் பிடியுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும் உப்புக்காகிதக் கீறல், பெயிண்ட்டுக்கு அடியில் சிக்கிய தூசி, அச்சின் இணைப்புத் தடம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். இணைப்புத் தடத்தை அக்குளுக்குக் கீழும் தொடையின் உள்பக்கமும் தேடுங்கள். தேய்ப்பவர்கள் அவசரத்தில் விடும் இடங்கள் அவை.

அப்புறம் வைசர். சேமஸ் சிலைக்கு உயிரே அங்கேதான். மெட்ராய்டு பிரைமில் நாம் அவளுடைய கண்வழியேதான் உலகைப் பார்க்கிறோம். பக்கத்தில் பளீரென்று ஏதாவது வெடித்தால் வைசரின் உள்பக்கத்தில் அவளுடைய முகம் ஒரு கணம் பிரதிபலித்து மறையும். அந்தக் கணத்தை அனுபவித்தவருக்கு, பச்சை பெயிண்ட் பூசிய வைசர் போதவே போதாது. ஒளி ஊடுருவும் வைசரா, உள்ளே முகம் செதுக்கியிருக்கிறார்களா, எந்தக் கோணத்தில் அது தெரிகிறது, எல்இடி போட்டால் முகம் தெளிகிறதா அல்லது வெளிச்சத்தில் கரைகிறதா என்று பாருங்கள். இதற்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்குங்கள். பீடத்துக்கு இரண்டு வரி போதும்.

விளக்கு இருக்கும் பதிப்பு என்றால், பேட்டரி எந்த வகை, பெட்டியிலேயே வருகிறதா, மாற்றுவதற்குச் சிலையைக் கவிழ்க்க வேண்டுமா என்பதையும் சேருங்கள். பல கிலோ எடையுள்ள ரெசினைத் தலைகீழாக்குவது தனியாகச் செய்யக்கூடிய வேலை இல்லை.

படி 5: இரண்டு நோட்டுப் பக்கங்கள்

குறிப்பெடுக்கும்போது பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் வடிவமைப்பு: தோரணை, முக அமைப்பு, நிறத் தேர்வு. இது வாங்கும் எல்லாருக்கும் ஒன்றுதான். மறுபக்கம் உங்கள் கைக்கு வந்த பிரதி: பெயிண்ட் வழிந்தது, கால் சற்றே சாய்ந்தது, ஒரு கீறல். கையால் பெயிண்ட் அடிக்கும் பொருள் என்பதால் இது பிரதிக்குப் பிரதி மாறும். இரண்டையும் கலந்து எழுதும் ரிவியூ, நல்ல சிலைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்கும், அல்லது மோசமான சிலையைக் காப்பாற்றிவிடும்.

வாக்கியங்களிலும் கறார் வேண்டும். "பெயிண்ட் கொஞ்சம் சுமார்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. இப்படி எழுதலாம்: "வைசரின் இடது ஓரத்தில் சிவப்பு அரை மில்லிமீட்டர் பச்சைமேல் ஏறியிருக்கிறது. கை தூரத்தில் தெரியவில்லை. என் பிரதியின் குறை." இடம், அளவு, தூரம், யாருடைய தவறு, நான்கும் வந்துவிட்டன.

படி 6: படங்கள்

ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடம், பின்னால் சாம்பல் நிறத் தாளோ துணியோ. மொபைல் கேமராக்கள் சிவப்பையும் ஆரஞ்சையும் தாமாகவே தூக்கிக் காட்டும். சேமஸ் சூட் முழுக்க அந்த நிறங்கள்தான் என்பதால், ஒரு வெள்ளைத் தாளைச் சட்டகத்துக்குள் வைத்து அது வெள்ளையாகவே விழும்படி நிறச் சமநிலையைச் சரிசெய்யுங்கள். ஃபில்டர் கூடவே கூடாது. கேமரா சிலையின் மார்பு உயரத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் எந்த வீராங்கனையும் குட்டையாகிவிடுவாள்.

எல்இடி படங்களுக்கு அறையை முழுதும் இருட்டாக்க வேண்டாம். மங்கலான வெளிச்சம் வைத்து, திரையில் வைசரை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு எடுங்கள். வெறும் பச்சைப் பொட்டாக எரிந்துபோகாமல் உள்ளே இருப்பது தெரியும்.

படி 7: விலையும் கணக்கும்

சிலையின் விலை, கூரியர், சுங்க வரி மூன்றையும் தனித்தனியாக எழுதி, வாங்கிய மாதத்தையும் போடுங்கள். காசு கொடுத்து வாங்கியதா, நிறுவனம் இலவசமாக அனுப்பியதா என்பது முதல் பத்தியிலேயே வர வேண்டும். மதிப்பெண் கொடுப்பது உங்கள் விருப்பம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பத்துக்கு எட்டரை என்பது யார் வாங்கலாம், யார் வேண்டாம் என்று சொல்வதில்லை. "பிரைம் விளையாடியவர் வாங்கலாம், விளக்கு வேண்டாதவர் சாதாரணப் பதிப்பே எடுக்கலாம், தோள்களில் சமரசம் பிடிக்காதவர் அடுத்ததற்குக் காத்திருக்கலாம்" என்பது சொல்கிறது.

படி 8: ஆறு மாதம் கழித்து

பிவிசி சிலை சூடான அறையில் நின்றால் கணுக்கால் மெல்லச் சாயும். காற்றுப் புகாமல் பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து கசிவு வந்து பிசுபிசுக்கும். வெயில் தொடர்ந்து பட்டால் நிறம் மங்கும், ஒளி ஊடுருவும் பாகங்கள் மஞ்சளாகும். முதல் வாரத்தில் எழுதும் எந்த ரிவியூவுக்கும் இது தெரியாது. எனவே முதல் நாளே ஒரு பக்கவாட்டுப் படம் எடுத்து வையுங்கள், பின்னால் ஒரு நேர்க்கோடு, கதவு விளிம்போ அலமாரிச் சட்டமோ, தெரியும்படி. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில், அதே கோணத்தில் இன்னொன்று எடுத்து, பழைய ரிவியூவின் மேலேயே தேதியோடு சேர்த்துவிடுங்கள். ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.