பழைய நெட்புக்கில் சி++ ஏறிய கதை

பரணில் கிடந்த நெட்புக்: இன்டெலின் ஆட்டம் என்270 சிபியு, 1 ஜிபி ராம். முதலில் போட்ட லினக்ஸ், சிபியு 64-பிட் இல்லை என்று முதல் திரையிலேயே கைவிரித்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில், 12-இன் 32-பிட் பதிப்பை ஏற்றினேன். 13-இல் அதற்கு இன்ஸ்டாலரே கிடையாது. 'பில்ட்-எசென்ஷியல்' என்ற ஒரே பேக்கேஜில் ஜிசிசி, ஜி++ என்ற கம்பைலர்கள், பில்டை நடத்தும் மேக் எல்லாம் வந்துவிட்டன. எடிட்டருக்கு ஜீனி. கனமான எதையும் அந்தப் பாவத்தின் தலையில் கட்டவில்லை.

வினை அப்புறம்தான். கொஞ்சம் பெரிய ப்ராஜெக்டை கம்பைல் செய்தால் (அதாவது, எழுதிய நிரலை ஓடும் புரோகிராமாக மாற்றினால்) பாதியில் 'கில்ட்' என்று ஒரே வார்த்தை. வரி எண்கூட இல்லை. அரைநாள் நான் எழுதிய நிரலையே திட்டிக்கொண்டிருந்தேன். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக் கட்டளையில் பார்த்தால், ராம் தீர்ந்து, லினக்ஸின் மையமான கெர்னலே கம்பைலரைக் கொன்றிருக்கிறது. மேக்கிடம் '-ஜே4', அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலை, என்று பேராசைப்பட்டது நான்தான். ராம் போதாதபோது டிஸ்க்கில் இடம் தரும் ஸ்வாப் ஃபைலை 2 ஜிபிக்குப் போட்டு, '-ஜே1' என்று ஓட்டினேன். நாற்பது நிமிடம், இரண்டு டீ. பில்ட் முடிந்தது.