இசிஜி நார்மல்னா அடுத்த டெஸ்ட் எப்போ?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல நம்ம ஆளுங்க, இசிஜி நார்மல்னு வந்துட்டா ஒண்ணு வருஷா வருஷம் பிரைவேட்ல காசைக் கொட்டி எடுக்குறாங்க, இல்லனா பேப்பரை அலமாரியில சொருகிட்டு கெட்டிப்பால் தே தாரிக் குடிக்கப் போயிடறாங்க, ரெண்டும் வேணாம்லா. நெஞ்சுல தொந்தரவு இல்லனா இசிஜி, ட்ரெட்மில் டெஸ்ட் (ஓடவிட்டு இதயத்தைப் பார்க்குறது) எல்லாம் சும்மா திரும்ப எடுக்கத் தேவையில்ல. கால்சியம் ஸ்கோர் (இதய ரத்தக்குழாய்ல கால்சியம் படிஞ்சிருக்கான்னு பார்க்குற ஸ்கேன்) ஜீரோன்னா பொதுவா 3லேர்ந்து 7 வருஷத்துக்கு அதைத் திரும்ப எடுக்க வேணாம், இனிப்பு நீர் (சுகர் வியாதி) இருந்தா சுமார் 3 வருஷம்.

விடாம பார்க்க வேண்டியது பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால்தான். 40 தாண்டுனா வருஷம் ஒரு தடவை கவர்மெண்ட் கிளினிக் போங்க, 1 வெள்ளி, அதாவது 1 ரிங்கிட்தான் (கியூ நீளம், காலையிலயே போயிடுங்க).

ஆனா செம்பனைக் குலை தூக்கும்போது நெஞ்சு இறுக்கி, தாடை, இடது கைன்னு வலி பரவி வேர்த்துக் கொட்டுச்சுன்னா, போன மாசம் நார்மல்னு வந்த பேப்பரை நம்பி உக்காந்துடாதீங்க, உடனே 999 அடிங்க.