கர்னல் எழுதுகிறீர்களா? முதலில் அதைப் பேச வையுங்கள்

பொழுதுபோக்குக்காக ஒரு குட்டி கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) எழுத உட்காருபவர்கள் பலர், அதை மெமரியில் ஏற்றும் பூட்லோடரில்தான் ஆரம்பிக்கிறார்கள். 512 பைட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கி, கடைசி இரண்டு பைட்டில் 85, 170 வைத்து முடிப்பதற்குள் பாதி ஆர்வம் வடிந்துவிடும். அந்த வேலையை கிரப் என்ற ரெடிமேட் பூட்லோடரிடம் விட்டுவிடுங்கள். பைனரியின் முதல் 8192 பைட்டுக்குள் மல்டிபூட் ஹெடர் (கர்னலை கிரப் அடையாளம் காண உதவும் சிறு தலைப்பு) இருந்தால் போதும். 32 பிட் மோடில் உங்கள் கோட் ஓடத் தொடங்கும். கியூஎமு என்ற எமுலேட்டர் அந்த எல்ஃப் ஃபைலை (கம்பைல் ஆன பைனரி) நேரடியாகவே ஏற்றும், டிஸ்க் இமேஜ்கூட வேண்டாம்.

கம்பைலருக்கு ஐ686 எல்ஃப் டார்கெட்டில் தனி ஜிசிசி கட்டிக்கொள்ளுங்கள். ஃப்ரீஸ்டாண்டிங் (அடியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லை) என்று சொன்னாலும் அது மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் என்ற நான்கு ஃபங்ஷன்களையும் எதிர்பார்க்கும்; எழுதிவிடுங்கள். மல்டிபூட் ஸ்டாக் தராது. சி ஃபங்ஷனைக் கூப்பிடும் முன் 16 கேபி ஒதுக்கி, ஸ்டாக் பாயின்டரை அதன் மேல் நுனியில் வையுங்கள்.

அடுத்து எல்லோரும் திரையில் எழுத ஓடுவார்கள். நான் சீரியல் போர்ட் பக்கம். 80க்கு 25 திரையில் முக்கியமான வரி மேலே போய் மறைந்துவிடும். சீரியலில் வருவதை ஃபைலில் சேமிக்கலாம். போர்ட் 1021இல் ஐந்தாவது பிட் (பூஜ்யத்திலிருந்து எண்ணி) 1 ஆகும்வரை காத்திருந்து, 1016இல் எழுத்தைப் போடுங்கள். அவ்வளவுதான்.

அப்புறம் ஜிடிடி (மெமரிப் பிரிவுகளின் பட்டியல்), ஐடிடி (இன்டரப்ட், எக்செப்ஷன் ஹேண்ட்லர்களின் பட்டியல்). டைமர், கீபோர்டுக்கெல்லாம் முன்னால் சிபியுவின் முதல் 32 எக்செப்ஷன்களுக்கும் (கோடில் தவறு போன்றவை நேரும்போது சிபியு எழுப்புபவை) ஹேண்ட்லர் வையுங்கள். ஹேண்ட்லர் இல்லாவிட்டால் ஒரு தவறு டபுள் ஃபால்ட் ஆகி, அது ட்ரிபிள் ஃபால்ட் ஆகி, மெஷின் சத்தமில்லாமல் ரீசெட் ஆகிவிடும். எக்செப்ஷன் எண், எரர் கோட், ஈஐபி (கோட் நின்ற இடத்தின் முகவரி) மூன்றையும் சீரியலில் அச்சிட்டு நிறுத்தினால் பாதித் தேடல் மிச்சம். சில எக்செப்ஷன்கள் மட்டுமே எரர் கோடை ஸ்டாக்கில் தள்ளும். மற்றவற்றுக்கு நீங்களே ஒரு பூஜ்யத்தைத் தள்ளுங்கள், இல்லையேல் ஸ்டாக் கணக்கு உதைக்கும்.

இப்போது பிஐசி, அதாவது டைமர், கீபோர்டு போன்றவற்றின் இன்டரப்ட்களை சிபியுவுக்கு அனுப்பும் சிப் ஜோடி. பழைய பயாஸ் ஏற்பாட்டில் டைமர் 8ஆம் வெக்டரில் (ஐடிடியில் உள்ள வரிசை எண்) வரும். அதுவே டபுள் ஃபால்ட்டின் எண்ணும்கூட. டைமர் துடிப்பை டபுள் ஃபால்ட் என்று நம்பி எங்கெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு சிப்பையும் 32, 40 என்று நகர்த்துங்கள், எல்லா லைனையும் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திறங்கள். ஹேண்ட்லர் முடிவில் போர்ட் 32க்கு 32 என்ற மதிப்பை அனுப்ப வேண்டும். மறந்தால் இரண்டாவது டிக் வரவே வராது. டைமரின் வேகம் விநாடிக்கு 11,93,182 துடிப்பு. விநாடிக்கு நூறு டிக் வேண்டுமென்றால் டிவைசர் 11,932. கீபோர்டு இதைவிட எளிது: போர்ட் 96ஐப் படியுங்கள், அழுத்தும்போது வந்த எண்ணோடு 128 கூடி வந்தால் விரலை எடுத்துவிட்டார்கள் என்று பொருள். (சில சிறப்பு விசைகள் 224இல் தொடங்கும், அவற்றைப் பிறகு பார்க்கலாம்.)

சரி, மெமரி. 128 எம்பியை 4 கேபி பக்கங்களாகப் பிரித்தால் 32,768 பக்கம். எது காலி, எது எடுத்தது என்று குறிக்கப் பக்கத்துக்கு ஒரு பிட் என்றால் பிட்மேப்புக்கு 4096 பைட், சரியாக ஒரே பக்கம். கர்னல் இருக்கும் பக்கங்களையும் பிட்மேப் இருக்கும் பக்கத்தையும் முதலில் ‘எடுத்தாச்சு’ என்று குறியுங்கள். பேஜிங்கை (முகவரிகளைப் பக்கம் பக்கமாக மேப் செய்யும் வசதி) இயக்கும் முன் ஓடிக்கொண்டிருக்கும் கோட், ஸ்டாக், ஐடிடி மூன்றும் மேப் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். 14ஆம் எக்செப்ஷன் (பேஜ் ஃபால்ட்) வந்தால் சிஆர்2 ரெஜிஸ்டரையும் சேர்த்து அச்சிடுங்கள்; எந்த முகவரியைத் தொடப்போய் மாட்டியது என்று அதில் இருக்கும். ஐடிடியே மேப் ஆகாவிட்டால் உங்கள் ஹேண்ட்லர் வாயே திறக்காது. அப்போது மட்டும் கியூஎமுவின் இன்டரப்ட் லாகை இயக்கி, ரீபூட்டைத் தடுத்துவிட்டு, கடைசிச் சில வரிகளைப் படியுங்கள்.