ஒன்பதாவது வளைவில் வரையாடு படம் எடுக்க

பொள்ளாச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சீர், இதுதான் பிழைப்பு. முகூர்த்தம் இல்லாத நாளில் ஆழியாரைத் தாண்டி வால்பாறை ரோட்டில் ஏறிவிடுவேன். மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவு. எனக்கு ஒன்பதாவதே போதும். லோம்ஸ் வியூ பாயிண்ட். நம் மாநில விலங்கு அங்கே ரோட்டோரத் தடுப்புச் சுவர் மேலேயே நடந்து போகும்.

கிட்டத்தில் தெரிகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க இருந்தவை 1,031 தான். நான் எடுக்கிற ஒரு பெரிய கல்யாணத்தின் பந்திக்கு வருகிற கூட்டம் அதைவிட அதிகம்.

செக்போஸ்ட் திறந்ததும் ஏறிவிடுங்கள். காலையிலும் சாயங்காலமும்தான் மேயும். வெயில் ஏறிவிட்டால் பாறை இடுக்கில் படுத்து அசைபோடும். அப்புறம் படத்தில் பாறைதான் இருக்கும். வண்டியை வளைவில் நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளி ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே இருங்கள். ஆள் இறங்கினால்தான் அதற்குச் சந்தேகம் வரும்.

கண்ணாடியை இறக்கி லென்ஸை வைக்க ஒரு பை வேண்டும். கடையில் விற்கிறார்கள். நான் காடாத் துணியில் தைத்து ஒன்றரைக் கிலோ அரிசி போட்டிருக்கிறேன். முதலில் பொட்டுக்கடலைதான் போட்டேன். உதவிக்கு வந்த பையன் மூன்றே பயணத்தில் பையைக் காலி செய்துவிட்டான். 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் இருந்தால் தாராளம். பிளாஷை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வெளிச்சக் கணக்கில் எனக்குக் கல்யாண அனுபவம் கைகொடுத்தது. பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை மாப்பிள்ளையைக் கிட்டத்தில் எடுத்தால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து வேட்டியைச் சாம்பலாக்கிவிடும். மூடுபனியும் அந்த வேட்டி மாதிரிதான். எக்ஸ்போஷரைப் பிளஸ் ஒன்று வரை ஏற்றுங்கள். வயசான கிடா பிரேமை அடைத்துக்கொண்டு நின்றால் நேர் எதிர்: உடம்பு கருப்புக்குப் பக்கத்தில் இருக்கும், கேமரா அதை வெளுக்கப் பார்க்கும், மைனஸில் இறக்க வேண்டும். அந்தக் கிடாவின் முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளிர்சாம்பல் திட்டு ஒன்று உண்டு. அதில் மயிர் மயிராகத் தெரிந்தால் வெளிச்சம் சரி என்று அர்த்தம்.

கொம்பு பின்னால் வளைந்து போகும். தலை நேராக நம்மைப் பார்த்தால் அந்த வளைவு தெரியாது. சற்றுத் திரும்பும்வரை பொறுங்கள். மணமேடையில் "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்க்கு இது பெரிய தண்டனை.

எவ்வளவு கிட்டே போகலாம் என்று கேட்பார்கள். மீட்டரில் சொல்ல மாட்டேன். மேய்ந்துகொண்டே இருந்தால் சரி. வாயில் புல்லோடு தலையைத் தூக்கி, மெல்லுவதை நிறுத்திவிட்டால் நீங்கள் அதிகப்படியாக வந்துவிட்டீர்கள். சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் கேட்டால் கூட்டத்துக்கே எச்சரிக்கை கொடுத்தாயிற்று.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கேவலமானது. ஒரு மாசி மாதக் காலையில் தாயும் குட்டியும் சுவர்மேல் நின்றன. குட்டியின் முகம் மட்டும் வேண்டும் என்று கதவைத் திறந்து நாலடி வைத்தேன். தாய் மேலே பாறைக்குத் தாவியது. குட்டி ரோட்டுக்கு இந்தப் பக்கம் குதித்துவிட்டது. கீழேயிருந்து ஏறி வந்த பஸ் பிரேக் போட்டு நின்றது. பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவே அந்தக் குட்டி திரும்பித் திரும்பிப் பார்த்ததும், மேலிருந்து தாய் கூப்பிட்டதும் ஒரு நிமிஷம்தான் இருக்கும். டிரைவர் என்னைத் திட்டியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதற்கப்புறம் நான் அங்கே கதவைத் திறந்ததில்லை.

பெரும்பாலும் தை, மாசியில்தான் குட்டி போடும். மூணாறு பக்கம் இரவிகுளத்தில் அந்தச் சமயம் ஆட்களையே உள்ளே விடுவதில்லை. இங்கே ரோடு என்பதால் மூட முடியாது, நாமாகத்தான் ஒதுங்க வேண்டும். கிடாக்கள் மோதுவதைப் பார்க்க மழைக்காலம் நல்லது. ஆடியில் எனக்கும் வேலை இருக்காது. சிப்ஸ் நீட்டி வரவழைத்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ரோட்டில் தீனி கிடைக்கும் என்று பழகின ஆடு வண்டிச் சக்கரத்துக்குத்தான் வந்து நிற்கும்.

இறங்கும்போது ஒரு வேலை. மேலே குளிர்ந்த கேமராவைக் கீழே புழுக்கத்தில் சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும், பிறகு பூஞ்சைதான். ஜிப்பை மூடியே வைத்திருங்கள். ஆழியாரில் மீன் வறுவல் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம் போனால் திறக்கலாம்.