புரினிக்கு அந்தக் கருநிறம் வர

பிஜியில் அம்மாக்கள் ஆவியில் வேகவைத்துத் தரும் இனிப்புப் புட்டிங்கான புரினியின் உயிரே கருக்கிய சர்க்கரைதான். 1 கப் சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் அடிகனமான பாத்திரத்தில் உருக்குங்கள். பொன்னிறத்தில் நிறுத்திவிடாதீர்கள்; டிக்காஷன் நிறம் வந்து லேசாகப் புகை எழும்புவதுதான் பதம். அடுப்பை அணைத்து, 400 மி.லி. தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சர்ரென்று பொங்கும், கை பத்திரம்! பாகு கட்டிதட்டினால் பயம் வேண்டாம், சிறுதீயில் வைத்தால் கரைந்துவிடும். ஆறியதும் இரண்டரை கப் மைதா, 1 டீஸ்பூன் சமையல் சோடா, துருவிய இஞ்சி கலந்து, வெண்ணெய் தடவிய டின்னில் பாதிக்குச் சற்று மேல் ஊற்றி, மூடி, ஒன்றரை மணி நேரம் ஆவியில் வையுங்கள். அப்புறம் நன்றாக ஆறவிட்டே வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிரும்.