பழைய பைக் ஹெட்லைட்: பல்பை மாற்றுவதற்கு முன் வயரைப் பாருங்கள்

பழைய பைக்கில் வெளிச்சம் மங்கினால் பெரும்பாலோர் உடனே வாங்குவது அதிக வாட் பல்பு. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பல பைக்குகளில் பல்பு நன்றாகத்தான் இருக்கும். மெல்லிய வயர், தேய்ந்த சுவிட்ச், துருப்பிடித்த எர்த் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) என்று வழியெல்லாம் வோல்டேஜ் குறைந்துகொண்டே வரும். ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும்.

1. எந்த வகை மின்சாரம்?

இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். எரிந்தால் பேட்டரியிலிருந்து வருகிறது. இன்ஜின் ஓடும்போது மட்டும் எரிந்து, ஆக்ஸிலேட்டர் முறுக்க முறுக்கப் பிரகாசம் கூடினால் பெரும்பாலும் இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் உண்டாக்கும் காயிலிலிருந்து நேரடியாக வரும் ஏசி மின்சாரம். அந்த வண்டிகளில் விளக்கைச் சும்மா பேட்டரிக்கு மாற்றினால் பேட்டரி இறங்கிவிடும். முதலில் எலக்ட்ரீஷியனிடம் காட்டி சார்ஜிங்கை டிசிக்கு மாற்ற வேண்டும். கீழே சொல்வது 12 வோல்ட் பேட்டரியில் எரியும் விளக்குக்கு.

2. அளந்து பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். இன்ஜின் ஓட, லைட் எரிய, முதலில் பேட்டரி முனைகளில் அளவெடுங்கள். அப்புறம் ஹெட்லைட்டைக் கழற்றி, பல்பில் செருகியிருக்கும் கப்ளரின் (வயர் இணைப்பான்) பின்பக்கமாக மீட்டர் முனைகளை நுழைத்து லோ பீம் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே அளவெடுங்கள். கப்ளரைப் பல்பிலிருந்து உருவிவிட்டு அளந்தால் மீட்டர் முழு வோல்டேஜையும் காட்டி ஏமாற்றிவிடும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது எடுத்த அளவுதான் உண்மை. இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடுத்த வேலை அவசியம்.

3. ரிலே போடுதல்

ரிலே என்பது சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே. அவற்றின் கால்களில் எண் போட்டிருக்கும். 30: பியூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவ். 87: பல்பு. 86: முன்பு பல்புக்குப் போன சுவிட்ச் வயர். 85: எர்த். இனி பழைய சுவிட்ச் ரிலேயை இயக்கும் சிறு மின்சாரத்தை மட்டும் சுமக்கும்.

ஹை பீம், லோ பீம் இரண்டுக்கும் தனித்தனி இழை கொண்ட 60/55 வாட் எச்4 பல்பு ஒரு பீமுக்குச் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். 2 சதுர மி.மீ. வயரும் 15 ஆம்பியர் பியூஸும் போதும். பியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பல்புக்கும் ரிலேக்கும் புது எர்த் வயரைப் பேட்டரி நெகட்டிவ் வரை இழுத்துவிடுங்கள். முடித்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, வயர் எங்கும் இழுபடவில்லையே என்று பாருங்கள்.

4. பல்பும் ரிஃப்ளெக்டரும்

உள்ளே வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தால் எந்தப் பல்பும் உதவாது, முழு ஹெட்லைட்டையும் மாற்றுங்கள். புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. கை எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகிப் பல்பின் ஆயுள் குறையும். 100 வாட் பல்பு ஹோல்டரை உருக்கிவிடும், வேண்டாம்.

ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பு மாட்டுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எச்4 பல்பை உற்றுப் பாருங்கள், லோ பீம் இழைக்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் தெரியும். வெளிச்சம் மேலே போகாமல் தடுப்பது அதுதான். எல்இடியின் ஒளிப்புள்ளி அந்த இடத்தில் துல்லியமாக அமையாவிட்டால் வெளிச்சம் சிதறி, எதிரே வருபவரின் கண் கூசும். எல்இடிதான் வேண்டுமென்றால் அதற்கென்றே வடிவமைத்த முழு விளக்கை வாங்குங்கள்.

5. குறி வைத்தல்

டயர் காற்றைச் சரிபார்த்து, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி பைக்கை நிறுத்துங்கள். நீங்கள் மேலே உட்கார்ந்து, வண்டி நிமிர்ந்திருக்க வேண்டும். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் குறியிடுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 10 செ.மீ. கீழே விழுமாறு திருகை இறுக்குங்கள். பின்னால் ஆள் ஏற்றிப் போவது வழக்கமென்றால் அவரையும் உட்காரவைத்து அளந்துகொள்ளுங்கள். பின்பக்கம் அமுங்கினால் வெளிச்சம் மேலேறிவிடும்.