பழைய வால்பேப்பருக்கு மேலேயே பெயிண்ட் அடிப்பது எப்படி?

பெயிண்டரைக் கேட்டால் "உரிச்சுட்டுத்தான் அடிக்கணும்" என்பார். அவர் சொல்வது தப்பில்லை, உரிக்க முடிந்தால் உரிப்பதே நல்லது. சிக்கல் என்னவென்றால், சில சுவர்களில் பேப்பரை இழுத்தால் அடியில் இருக்கும் சுண்ணாம்பும் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும், கடைசியில் கொத்தனாரைக் கூப்பிட வேண்டியிருக்கும். அப்படிக் கெட்டியாகப் பிடித்த சுவருக்குத்தான் இந்த முறை.

முதலில் சோதனை. கண்ணுக்குத் தெரியாத மூலையில் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். சுலபமாகக் கழன்று வந்தால் முழுவதையும் உரித்துவிடுங்கள். பின்பக்கப் பசையோடு வரும் ஸ்டிக்கர் வகையையும் அதேபோல் உரித்துவிடுங்கள். பிறகு விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டுங்கள், பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி கட்டில் வரை வரும் ஊர், அதனால் வெளிப்பக்கச் சுவரில் ஓதம் இருந்தே தீரும். பேப்பரில் கரும்புள்ளியோ பூஞ்சை வாசமோ இருந்தால் இந்த வேலையே வேண்டாம். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பெயிண்டும் சேர்ந்து உப்பும். அக்டோபர், நவம்பரைத் தவிர்த்து ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அடித்துவிட்டால், மே மாதக் கூட்டத்துக்கு முன்பே ஹோம்ஸ்டே அறை தயாராகிவிடும்.

சாமான்: ஆயில் பிரைமர் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு), டர்பென்டைன், எமல்ஷன் (மேலே அடிக்கும், தண்ணீர் கலக்கும் பெயிண்ட்), அக்ரிலிக் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு), பட்டித் தகடு, 150 நம்பர் உப்புத்தாள், ஃபெவிகால், பிளேடு, ரோலர், பிரஷ், மாஸ்கிங் டேப். பத்துக்குப் பத்து அடியில் ஒரே ஒரு சுவர் என்றால் பிரைமர் ஒரு லிட்டர், எமல்ஷன் இரண்டு லிட்டர் போதும். மலையில் வேலை என்றால் எல்லாவற்றையும் சேலத்திலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள், ஒரு பாட்டில் டர்பென்டைனுக்காக 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற யாருக்குத் தெம்பு இருக்கிறது?

சரி, வேலைக்கு வருவோம். மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் மூடிகளைக் கழற்றுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் சுவரைத் துடைத்து, காய விடுங்கள். ஓரம் தூக்கி நிற்கும் இடத்தில் ஃபெவிகால் தடவி அழுத்துங்கள். குறித்துவைத்த பொள்ளல்களைப் பிளேடால் பெருக்கல் குறி போலக் கீறி, உள்ளே பசை விட்டு, பழைய ஏடிஎம் கார்டால் காற்றை வெளியே தள்ளுங்கள். இரண்டு பேப்பர் சேரும் கோடுகளில் பட்டியை மெல்லிசாக இழுத்து, காய்ந்ததும் தேய்த்துவிடுங்கள். இதை விட்டால் பெயிண்டுக்கு மேலே அந்தக் கோடு பளிச்சென்று தெரியும். பளபளப்பான வினைல் பேப்பர் என்றால் சுவர் முழுக்க லேசாகத் தேய்த்து பளபளப்பை எடுத்துவிட்டு, தூசியைத் துடைக்க வேண்டும்.

இப்போது பிரைமர், மொத்த வேலையின் உயிரே இதுதான். வால்பேப்பர் பசை பெரும்பாலும் தண்ணீரில் கரையக்கூடியது. விலை குறைவு, வாடை இல்லை என்று தண்ணீர் கலக்கும் பிரைமரை அடித்தால் அந்த ஈரம் காகிதத்துக்குள் இறங்கிப் பசையை இளக்கிவிடும், கொஞ்ச நேரத்தில் சுவர் முழுக்கக் கொப்புளம். ஆயில் பிரைமரில் தண்ணீர் கிடையாது. பேப்பரில் இருக்கும் பூப்போட்ட சாயம் மேலே கசிந்து வராமலும் அது தடுக்கும். கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும், டப்பாவில் எதில் கலக்கச் சொல்லியிருக்கிறது என்று படித்துவிட்டே காசு கொடுங்கள். டர்பென்டைன் என்று இருக்க வேண்டும். மூலைகளைப் பிரஷ்ஷாலும் மற்றதை ரோலராலும் ஒரு கோட் அடித்து, ஒரு முழு நாள் காய விடுங்கள், மலையில் இரண்டு நாள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். அந்த வாடை போகும்வரை பக்கத்தில் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. காய்ந்தபின் சிவப்புப் பூ இன்னும் எட்டிப்பார்த்தால் இன்னொரு கோட் பிரைமர்.

எமல்ஷன் சுலபம். மெல்லிசாக இரண்டு கோட், நடுவே குறைந்தது நாலு மணி நேரம். சேலத்து வெயில் காலத்தில் மதியம் அடிக்காதீர்கள், ரோலர் திரும்பி வருவதற்குள் பாதி காய்ந்து திட்டுத் திட்டாகத் தெரியும். மேட் ஃபினிஷ் வாங்குங்கள், பளபளக்கும் பெயிண்ட் சின்ன மேடு பள்ளத்தையெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். பேப்பரிலேயே மேடாக டிசைன் இருந்தால் அது தெரியத்தான் செய்யும், எனக்கு அது அழகாகவே படுகிறது.

டேப்பைப் பெயிண்ட் முழுதாக இறுகுவதற்குள் எடுத்துவிடுங்கள். பிரைமர் தொட்ட பிரஷ்ஷை டர்பென்டைனிலும் எமல்ஷன் தொட்டதைத் தண்ணீரிலும் கழுவுங்கள். டர்பென்டைன் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவைத்து அப்புறம் குப்பையில் போடுங்கள்.